பெரிலுக்கு அடிக்காத மணி

ஏவிஸ் ஸ்டிக்லண்டுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தெட்டு வருஷம் கரண்டியோடு நின்றவள். இருநூறு பிள்ளைகளை அந்த இறங்கின குரலாலேயே அடக்கி உட்கார வைத்தவள். அவள் அம்மா எட்னாவும் என் அம்மா நெல்லியும் கூடப்பிறந்தவர்கள், எட்னா மூத்தவள். அந்த வழியில் ஏவிஸ் எனக்குப் பெரியம்மா மகள். என்னைவிட ரெண்டு வயசு பெரியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்க ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் தாத்தா வழியில் தூரத்துச் சொந்தம் லெஸ்லி கேட்டான். அவன் வாயைத் திறந்துகொண்டு மெல்லுகிறான் என்று வேண்டாம் என்றுவிட்டாள்.

கடலோரத்தில் இருந்த எங்கள் சித்தி வினிஃப்ரெட் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்ததும் அவள் வீட்டுப் பங்கு எங்களுக்கு வந்தது. நான் கூரை மாற்றினேன். ஏவிஸ் உலகம் சுற்றும் கப்பலில் இடம் பிடித்தாள். ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் ஏறி ஏப்ரலில் அங்கேயே இறங்க வேண்டும். நூற்றுநாலு நாள்.

"கப்பல் சாப்பாடு உனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள் பெரில்.

"உன் ஆட்டுக்கறி ரொட்டியை அம்பது வருஷமா தின்னு தாக்குப்பிடிச்சிருக்கேன். கடல் என்னை என்ன பண்ணிடும்?"

பெரில் லோடர் அவளுடைய சிநேகிதி. ஐந்து வயசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பதினாலு வயசில், ஒரே குளிர்காலத்தில், எங்கள் பெர்சி மாமாவிடம் சர்ச் மணி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊர் மார்ல்கூம் சர்ச் கோபுரத்தில் ஆறு மணிகள். பெரில் மூன்றாவது, ஏவிஸ் நாலாவது, பெரிலின் புருஷன் கிளெம் ஐந்தாவது. நான் ரெண்டாவது. வட்டமாக நின்று, அடுத்தவர் கயிற்றைப் பார்த்துத்தான் நம் கயிற்றை இழுக்க வேண்டும். பார்க்காமல் இழுத்தால் மணிகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பெண் இறந்தால் முதலில் ஆறு அடி. பிறகு வயசு எத்தனையோ அத்தனை அடி. வயலில் நிற்பவர்கள் எண்ணிப் பார்த்து யார் போனார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். அதெல்லாம் எப்போதோ நின்றுபோனது. ஆனால் இந்த ரெண்டு பேரும் சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். யார் முந்திப் போய்ச் சேருகிறார்களோ, அவளுக்கு மற்றவள் தன் கையால் அடிக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் ரெண்டு கிளாஸ் ஷெர்ரி ஒயின் உள்ளே போனதும் சொல்லிக் காட்டுவார்கள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் கோழிக்குத் தீனி வைக்கப் போன பெரில் திரும்பி வரவில்லை. இதயம் நின்றுவிட்டது. ஏவிஸ் அப்போது நியூசிலாந்து தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மணி அடிக்கிறவர்கள் எல்லாரும் கோபுரத்தில் கூடினோம். கிளெம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஏவிஸுக்குச் சொல்ல வேண்டாம். அவ ஆயுசுக்கும் போற ஒரே பயணம் இது. நடுக்கடல்ல தனியா உக்காந்து அழுதுட்டு வரணுமா? வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி ஜோன், "டென்னிஸ், இது நல்லால்ல" என்றாள். அதற்குமேல் அவளும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். சொல்லக் கஷ்டமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அதற்கு அன்பு என்று பேர் வைப்போம்.

பெரிலை அடக்கம் செய்த அன்று மணி நாக்குகளில் ஒரு பக்கம் தோல் கட்டி, ஒரு அடி சத்தமாகவும் மறு அடி மங்கலாகவும் அடித்தோம். பெரிலின் கயிற்றை எங்கள் மணிக் குழுத் தலைவரின் மகன் பிடித்தான். ஏவிஸின் கயிற்றுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டோம். அவன் பேர்கூட எனக்கு ஞாபகமில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் அவளை அழைத்துவரத் துறைமுகத்துக்கு நான் போனேன். வெயிலில் கறுத்து, வைக்கோல் தொப்பியும் மூன்று பெட்டியுமாக இறங்கினாள்.

"நேரா கிளெம் வீட்டுக்கு விடு," என்றாள். "பெரிலுக்கு ஒரு பட்டுத் துணி வாங்கியிருக்கேன். கசங்குறதுக்குள்ள குடுக்கணும்."

ரெண்டு மணி நேரப் பயணம். நான் மழையைப் பற்றிப் பேசினேன். ரோடு வெட்டிப் போட்டிருப்பதைப் பற்றிப் பேசினேன். ஆட்டுக்குட்டி விலை பேசினேன்.

"என்னடா, வாய் ஓயாம பேசற? உனக்கு உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

"பெரில் நேத்து மெயில் போட்டிருந்தா. பட்டாணி விதைச்சாளாம், முதுகு வலியாம். அவளுக்கு முதுகு வலிக்காத ஏப்ரல் எது."

மெயில் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அப்போதாவது வண்டியை ஓரங்கட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிளெம் கதவைத் திறந்தான். ஏவிஸ் அவனைத் தாண்டி உள்ளே பார்த்து, "பெரில், எந்திரிச்சு வாடி, ராணி வந்திருக்கேன்," என்றாள்.

"உள்ள வா ஏவிஸ். டீ போடறேன்," என்றான் கிளெம்.

"அவ எங்க?"

"உக்காரு. கெட்டில் வச்சிருக்கேன்."

அவள் உட்காரவில்லை. கணப்பு மேடையைப் பார்த்தாள். அவள் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் பெரிலுக்குப் போட்ட கார்டுகள் வரிசையாக நின்றிருந்தன. பக்கத்தில் பெரிலின் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. கண்ணாடி இல்லாமல் பெரிலால் வாசற்படிகூட இறங்க முடியாது.

"எப்ப?" என்று கேட்டாள்.

"பிப்ரவரி," என்றான் கிளெம். "வலியே இல்ல ஏவிஸ். டாக்டர் சொன்னார்."

"பிப்ரவரி."

"உன் பயணத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான்..."

குரல் இறங்கியது. "நேத்து பட்டாணி விதைச்சது யாரு?"

கிளெம் கெட்டிலைப் பார்த்தான்.

"ரெண்டு மாசமா மண்ணுக்குள்ள கிடக்கிறவ எனக்கு முதுகு வலின்னு எழுதறா. நான் அதுக்கு ஒத்தடம் குடுன்னு பதில் போடறேன். கப்பல்ல பக்கத்து ரூம்காரிக்கு வாசிச்சுக் காட்டிச் சிரிக்கிறேன். நீ இங்க உக்காந்து படிச்சியா கிளெம்?"

"முதல்ல ஒண்ணு எழுதினேன். அப்புறம் நிறுத்த முடியல," என்றான். "நீ அவளுக்கு எழுதறதைப் படிக்கிறப்ப அவ இருக்கிற மாதிரி... ஒரு வாய் டீ குடி ஏவிஸ்."

"இன்னொரு தடவ டீன்னு சொன்னே, கெட்டில் ஜன்னல் வழியா போகும்."

என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டு மணி நேரம் ஆட்டுக்குட்டி விலை பேசினியேடா. எங்கம்மாவும் உங்கம்மாவும் ஒரே வயித்துல பிறந்தவங்க."

மறுபடி கிளெம் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு வயசு அடிச்சீங்களா?"

"எல்லா மணியும் தோல் கட்டி அடிச்சோம்," என்றான் கிளெம். "ரொம்ப நல்லா அமைஞ்சது."

"அதைக் கேக்கல. ஆறும் எழுபத்துநாலும் அடிச்சீங்களா?"

"இல்ல."

"என் கயிறை யாரு பிடிச்சா?"

சொன்னோம். அவள் கைப்பையைத் திறந்து கோபுரச் சாவியை எடுத்தாள். அது அவளோடு உலகம் பூரா சுற்றிவிட்டு வந்திருந்தது. பட்டுத் துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

"ஏவிஸ், ஒரு மணிக்குக் கல்யாணம் இருக்கு," என்று பின்னாலேயே ஓடினான் கிளெம். அது நிஜம். நாங்கள்தான் மணி அடிக்க வேண்டியவர்கள். சர்ச் வாசலில் பூ கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பெரிய தொப்பிகளோடு கல்லறைகளுக்கு நடுவில் நின்றிருந்தார்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய், நாலாவது மணியை, கயிற்றை ஆட்டி ஆட்டி வாய் மேலே பார்க்கும்படி தனியாக ஏற்றி நிறுத்தினாள். பிறகு அடித்தாள். ஒன்று. அது அடங்கும் வரை நின்றாள். ரெண்டு. ஆறு முடிந்ததும் வெளியே பேச்சு நின்றுபோனது. ஊரில் வயசானவர்களுக்கு அது என்ன என்று தெரியும்.

எங்கள் சர்ச்சின் பெண் பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ் ஸ்டிக்லண்ட், தயவுசெஞ்சு நிறுத்துங்க. கல்யாணப் பொண்ணு கார்ல வந்துட்டா. சாவு மணி கேட்டு அவங்கம்மா அழறாங்க."

"அழட்டும். பெரிலுக்காக யாராவது அழணும்ல," என்றாள் ஏவிஸ். "இருபத்தொண்ணு."

"இதுக்கு அனுமதி கேக்கணும்..."

"என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. இருபத்திரெண்டு."

பாதிரியாரம்மா என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றினேன். கிளெம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நாற்பதுக்கு மேல் அடிகள் தாமதமாக விழுந்தன. நான் அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தேன்.

"தொட்டேன்னா கையை ஒடிப்பேன்," என்றாள்.

எழுபத்துநாலையும் அவளே அடித்தாள். கயிற்றைக் கட்டினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு அடிக்கணும்ல? மத்தவங்களைக் கூப்பிடுங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு."

ஆறு பேரும் நின்றோம். அவளுக்கு இடது கைப் பக்கம் கிளெம். அன்றைக்கு மணிகள் ஒரு மயிரிழை பிசகாமல் ஒலித்தன. என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. கோபத்தில் அவ்வளவு ஒழுங்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பட்டுத் துணியைப் பெரிலின் கல்லறையில் போட்டாள் என்று சிலர் சொல்வார்கள். பொய். தானே போட்டுக்கொண்டாள். இப்போதும் ஞாயிறு தோறும் அதே துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் வருகிறாள்.

இது நடந்து மூன்று வருஷம். கிளெமோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் கயிற்றைப் பார்க்காமல் அடிக்க முடியாதே. பார்க்கிறாள். மணிக்கட்டு வரைக்கும் பார்ப்பாள், அதற்கு மேல் பார்வை ஏறாது. அவன் ரெண்டு தரம் மன்னிப்புக் கடிதம் எழுதினான். பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். "அவன் எழுதறதுல எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் சொன்னாள்.

என்னோடு பேசுகிறாள். அதற்கு ஒரு விலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளை வண்டியில் அழைத்துவர வேண்டும். கதவைச் சாத்தியதும் கேட்பாள்: "இந்த வாரம் எதை மறைச்சே?" நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஜோனின் ரத்தப் பரிசோதனை, மருமகனின் வேலை போனது, என் மூத்திரக் கோளாறு வரைக்கும்.

போன மாசம் என் அண்ணன் ஹோவர்ட் ஆஸ்பத்திரியில் இறந்தான். அவன் மகள் ஷீலாவுக்குப் போன் போடுவதற்கு முன்னாலேயே ஏவிஸுக்குப் போட்டேன்.

"எப்ப?" என்றாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஹோவர்டும் அவளும் சின்ன வயசில் ஒரே சைக்கிளில் போனவர்கள்.

"அஞ்சு நிமிஷம் என்னடா பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.