எட்டு இன்லண்ட் லெட்டர்

ராஜசேகரனைப் பற்றி தென்காசியில் யாரிடம் கேட்டாலும், "தங்கமான மனுசன், டெல்லியில கவர்ன்மெண்ட் உத்தியோகம்" என்பார்கள். தப்பில்லை. இருபத்து மூன்று வயதில் ரயிலேறி வந்தவனுக்கு, இந்த எண்பத்தொன்றில் நாற்பது வயது. லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ், மனைவி சாந்தகுமாரி, பள்ளிக்கூடம் போகும் ரெண்டு பெண்கள். மற்ற மாசமெல்லாம் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. கோடைதான் அவனைப் போட்டுப் படுத்தியது.

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வழக்கம். மே மாசம் பள்ளிக்கூடம் மூடினதும் பெண்டாட்டி பிள்ளைகளை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆம்பிளைகள் ரெண்டு மாசத்துக்குத் தனிக்கட்டை. சில பேருக்கு அது கொண்டாட்டம். யார் வீட்டிலாவது கூடி, சீட்டாடி, கரிந்த சாம்பாரைத் தின்றுவிட்டுச் சிரிப்பார்கள். ராஜசேகரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் வாரம் சரியாகத்தான் இருப்பான். ரெண்டாவது வாரம் கூலருக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டான். மூணாவது வாரம் குளிக்க மாட்டான். அப்புறம் பிரெட்டும் டீயும்தான். வெளியே அனல் காற்று கதவைப் போட்டு அடிக்கும். இவன் வெறும் சிமிட்டித் தரையில் மல்லாந்து கிடப்பான்.

வருத்தம் என்றால்கூடத் தேவலை, அழுது தொலைக்கலாம். இது வருத்தம் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அதே கதிதான் அவன் மனசுக்கு. பெண்களின் முகத்தை நினைத்துப் பார்ப்பான். முகம் வரும். கூடவே வரவேண்டியது வராது.

ஒரே செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஜோதிலிங்கத்திடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அவன் சங்கரன்கோவில்காரன். "சூடு தலைக்கேறிட்டு வே. எண்ணெய் தேய்ச்சுக் குளியும்" என்றான். நம்ம ஆட்களுக்கு எந்த நோவு வந்தாலும் எண்ணெயை விட்டால் வேறு மருந்து ஏது? ராஜசேகரனும் குளித்தான். தலையில் வைத்த எண்ணெய் போயிற்று. அது போகவில்லை.

போன வருஷம் மூணு வாரம் ஊருக்குக் கடிதம் போடவில்லை. பேனாவை எடுப்பான், வைப்பான், அவ்வளவுதான். மாமனார் பயந்துபோய் ஆபீசுக்கே தந்தி அடித்துவிட்டார். சூப்பிரண்டு அதை எல்லோர் முன்னாலும் வாசித்து, "அரே பாயி, வீட்டுக்கு ஒரு சிட்டி, ஒரு கடுதாசி போடத் தெரியாதா?" என்றார். செக்‌ஷனே சிரித்தது. மானம் கப்பலேறிற்று.

ஆகவே இந்த வருஷம் உஷாராகிவிட்டான். குடும்பம் ரயிலேறின மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனசு இன்னும் மரக்கவில்லை, கை ஓடியது. ஒரே உட்காரலில் எட்டு இன்லண்ட் லெட்டர் எழுதினான். 'நலம். நலமறிய ஆவல். கூலர் நன்றாக ஓடுகிறது. இன்று புடலங்காய்க் கூட்டு வைத்தேன்.' வாரா வாரம் வேறு காய், வேறு சங்கதி. எட்டையும் ஒட்டி, மூலையில் பென்சிலால் எண் போட்டு அடுக்கிவைத்தான். திங்கட்கிழமைக்கு ஒன்று. அட பாவி மனுசா! வரப்போகும் சீக்குக்கு மருந்து தேடாமல், அதை மூடுவதற்குத் துணி தைத்து வைத்தவனை என்ன சொல்ல?

மே கடைசியில் ஜோதிலிங்கம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினான். "வீட்ல ஏதும் சொல்லணுமா வே?" என்று கேட்டான். ராஜசேகரன் இல்லையென்று தலையாட்டினான்.

அஞ்சாவது கடிதத்தைப் பெட்டியில் போடும்போது அவனுக்கு நினைவு வந்தது. அதில், 'நேற்று ஜோதிலிங்கம் வந்திருந்தான், ரெண்டு பேரும் தோசை வார்த்துச் சாப்பிட்டோம்' என்று எழுதியிருந்தான். நினைவு வந்து என்ன? கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதவேண்டும். எழுத ஒரு வரியும் இல்லை. போட்டான். மறுநாளிலிருந்து ஆபீசுக்கும் போகவில்லை.

தென்காசியில் அந்தக் கடிதம் வந்த நேரத்தில் ஜோதிலிங்கம் சாந்தகுமாரி வீட்டில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பலகாரம் கொடுக்க வந்தவன்.

சாந்தகுமாரி படித்தாள். தேதியைப் பார்த்தாள். எதிரே இருந்தவனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எப்ப டெல்லியை விட்டுக் கிளம்புனிய?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சே தாயி. ஏன்?"

"அவுக எப்படி இருந்தாக? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

ஜோதிலிங்கம் தம்ளரைக் கீழே வைத்தான். "ஆபீசுக்கு வருவான், போவான். பேச்சுத்தான் இல்லை" என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கே உறைத்தது.

பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ரிசர்வேஷன் கிடைக்காமல், பெண்கள் பெட்டியில் ஒடுங்கிக்கொண்டு அவள் டெல்லி வந்து சேர்ந்தாள். நட்ட நடு மத்தியானம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி ஆச்சரியப்பட்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தாளாம். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே அவன் தரையில் கிடந்தான். தாடி. கன்னத்தில் எலும்பு. கூலர் காய்ந்து கிடந்தது.

"என்னங்க" என்றாள்.

கண்ணைத் திறந்தான். "வந்துட்டியா? லெட்டர் இன்னும் மூணு இருக்கே" என்றான்.

அவள் அலறவில்லை. கூலரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். சோறு வடித்து, ரசம் வைத்து, தட்டில் பிசைந்து முன்னால் வைத்தாள். அவன் நாலு வாய் சாப்பிட்டான். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டிருந்தவள் அப்புறம் வாய்விட்டு அழுதாள், ஒரு பாட்டம். அவன் தட்டில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அழுகுறது தெரியுது சாந்தா" என்றான். "எனக்கும் அழுகை வரணும். வரமாட்டேங்கு. ஒண்ணுமே தோணலை. பிள்ளையளை நினைச்சாக்கூட."

பதினேழு வருஷ தாம்பத்தியத்தில் அவன் சொல்லி அவள் இப்படிக் கேட்டதில்லை.

"இதை எனக்கு எழுதியிருக்கலாம்லா?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்கிறதை என்னன்னு எழுத?"

அவள் அடுத்த வாயை உருட்டி அவனிடம் நீட்டினாள்.