இரண்டாவது கோப்பி

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஒரு பக்கம் சாய்ந்து, வரியை விட்டு இறங்கி ஓடும். எந்த ‘ர’, எந்த ‘ற’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சண்டை வந்து, பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து வந்த சனங்களை இருத்தினார்கள். பிறகு நாங்களும் இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான். ஆனாலும் இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை. அந்த இரண்டு நாளும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவன் நான்.

சுவிட்சர்லாந்தில், கூர் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு கருத்தரங்கு விடுதி இருக்கிறது. அங்கே நான் பரிமாறுகிற வேலை செய்கிறேன். வருகிறவர்கள் பேசுவார்கள். நான் தண்ணீர்ப் போத்தல் வைப்பேன், இடைவேளைக்குக் கோப்பியும் கிப்ஃபெலி என்கிற பிறை வடிவப் பணிசும் அடுக்குவேன். பேச்சு நடக்கும்போது நாங்கள் உள்ளே போகக் கூடாது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்குள்ளால் பார்த்து, ஆட்கள் எழும்பினால்தான் தள்ளுவண்டியை உருட்ட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதிகம் கதைக்கத் தேவையில்லை.

சமையலறையில் சலாட்டும் பாணும் வெட்டுகிறவர் ஒரு பொஸ்னியாப் பெண். என் வயதுதான் இருக்கும். தன் நாட்டில் போர் முடிந்தபிறகு ஆசிரியர் கல்லூரியில் படித்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். கலியாணம் முடித்து இங்கே வந்தார். வந்த நாளிலிருந்து கத்தியும் பலகையும்தான். அவர் படிப்பித்தவர் என்று தெரிந்த நாள்முதல் நான் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டேன். படிப்பித்த ஒருவரை எங்கள் ஊரில் வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் நாள் சிரித்தார். பிறகு அந்தச் சொல்லுக்குத் திரும்பப் பழகிவிட்டார். அவர் என்னைக் கொம்ஷியா என்பார். அவருடைய மொழியில் அயலவர் என்று அர்த்தமாம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடியது உடைந்த ஜெர்மன். அதை நான் எங்கள் பேச்சுத் தமிழில்தான் இங்கே எழுத முடியும்.

இந்த வருடத் தொடக்கத்தில் ரீச்சருக்கு ஒரு வழி திறந்தது. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஜெர்மன் தெரியாமல் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை தேவைப்பட்டது. ரீச்சர் விடுமுறை எடுத்து, ஒரு கிழமை முழுவதும் அங்கே போய் வேலை செய்து காட்டினார். தலைமை ஆசிரியைக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் சான்றிதழை இங்கே ஏற்றுக்கொள்ள ஒன்று குறைந்தது. அவர் படித்த கல்லூரி அரசாங்கம் ஏற்ற கல்லூரிதான் என்று அவருடைய நாட்டிலிருந்து யாராவது உறுதி சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியோ இப்போது இல்லை. அதை மூடி வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். அந்த நாட்டிலும் இங்கே போலக் கன்டோன் என்கிற மாகாணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வி அமைச்சு. ஒரு அலுவலகம், அது எங்கள் பொறுப்பில்லை, பக்கத்துக் கன்டோனைக் கேளுங்கள் என்று எழுதியது. பக்கத்துக் கன்டோன் பதிலே போடவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் உறுதி வராவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, விடுதி நடத்துகிற அம்மா எங்களைக் கூப்பிட்டு அடுத்த கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கிற ஆறு நாடுகளின் கல்வி அதிகாரிகள் வருகிறார்களாம். ஒரு நாட்டு ஆசிரியரின் சான்றிதழை மற்ற நாடு எப்படி ஏற்பது என்று பேசி முடிவெடுக்கப்போகிறார்களாம். எங்கள் கன்டோனில் ஜெர்மன், ரொமான்ஷ், இத்தாலியன் என்று மூன்று மொழியில் பள்ளிக்கூடம் நடப்பதால், அதையும் பார்ப்பதற்காக இந்த இடமாம். பொஸ்னியாவில் இருந்து வருகிறவர் சான்றிதழ்களுக்குப் பொறுப்பான அதிகாரி என்றும் சொன்னார். நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

கோப்பை கழுவுகிற அண்ணை எங்கள் ஊர் ஆள். சிரிக்காமல் பகிடி விடுவார். “ஒன்றியத்திலை சேராத நாட்டிலை வந்திருந்து, சேரிறது எப்பிடி எண்டு படிக்கப்போகினமோ? கலியாணமே கட்டாதவனிட்டைக் கூறை எடுக்கப் புத்தி கேட்ட கதைதான்” என்றார். நான் அதை ரீச்சருக்கு ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். கூறை என்றால் கலியாணச் சேலை என்று விளங்கப்படுத்துவதற்குள் பகிடி செத்துப்போய்விட்டது.

ரீச்சருக்கு அந்தக் கூட்டத்தில் நம்பிக்கை இருந்தது. அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல்களாம். ஒரு இனத்துப் பிள்ளைகள் ஒரு வாசலால், மற்ற இனத்துப் பிள்ளைகள் மற்ற வாசலால். ஒரே கட்டிடத்தில் இரண்டு பாடத்திட்டம். பிள்ளைகள் முற்றத்தில் சந்திக்காதபடி மணியைக்கூட வேறு வேறு நேரத்தில் அடிப்பார்களாம். இப்படி ஆறு நாடும் ஒரு மேசையில் இருப்பதே பெரிய விசயம் என்றார்.

“பஸ்ஸாலை இறங்கின உடனை அந்த ஐயாவைக் கேளுங்கோ, ரீச்சர்” என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “அப்பிடிக் கேக்கிறேல்லை, கொம்ஷியா. எங்கடை ஊரிலை முதல் கோப்பி வரவேற்கிற கோப்பி. இரண்டாவதுதான் கதைக்கிற கோப்பி. கேக்கவேண்டியதை அதிலைதான் கேக்கலாம்.”

“மூண்டாவது?”

“மூண்டாவது வந்தால், எழும்பிப் போ எண்டு அர்த்தம்.”

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் வீடுகளிலும் வந்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன் அலுவல் பேசுவது அழகில்லை.

கூட்டம் தொடங்கிய காலை, ரீச்சர் வீட்டிலிருந்து நீளப் பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மெஷின் கோப்பி அந்த மனிதருக்குப் பிடிக்காது என்று அடித்துச் சொன்னார். விடுதி அம்மாவின் அனுமதியோடு, அடுப்பில் நுரை எழும்ப எழும்பத் தானே காய்ச்சி, தட்டில் வைத்துத் தானே கொண்டுபோனார். அதிகாரி உயரமான, களைத்த மனிதர். அந்த மணம் மூக்கில் பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர், எப்போது வந்தாய் என்று விசாரித்தார். பக்கத்து நாட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டு, இவள் எங்கள் பெண் என்று காட்டினார். ரீச்சர் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தார்.

“பின்னேரக் கோப்பிக்குக் கேக்கிறன்” என்றார். அவருடைய கன்னம் இரண்டும் மின்னின.

பின்னேர இடைவேளை வரவில்லை. நான் தள்ளுவண்டியோடு கதவருகே நின்றேன். ரீச்சர் பக்கத்தில், செம்புப் பாத்திரத்தோடு. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் ஒருவரும் எழும்புவதாக இல்லை. ஒருவர் பேச, மற்றவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். அறையின் பின்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். காலையில் முற்றத்தில் சிகரெட் பிடிக்கும்போது அந்த அதிகாரிகளில் அரைவாசிப் பேர் ஒரே பாஷையில் பகிடி விட்டுச் சிரித்ததை நான் பார்த்திருந்தேன். உள்ளே போனதும் கருவி இல்லாமல் ஒருவருக்கும் கேட்காது.

கதவிடுக்கால் வந்ததை வைத்து ரீச்சர் எனக்குச் சொன்னார்: மற்ற நாட்டுச் சான்றிதழை அப்படியே ஏற்பதா, ஒரு பரீட்சை வைத்து ஏற்பதா என்று பிடுங்குப்படுகிறார்கள். ஒரே ஒரு வசனம். அந்த வசனத்திலேயே பொழுது போனது. உள்ளே போய், கோப்பி ஆறுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் சொல்லக் கூடாது. முடிந்ததும் அவர்களை நேரே இரவுச் சாப்பாட்டுக்குப் பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் கோப்பியைத் தொட்டிக்குள் ஊற்றினேன். ரீச்சர் தன்னுடையதை ஊற்றவில்லை. அடியில் தூள் படிந்து, மேலே தெளிந்து கறுத்துக் கிடந்தது. அதைத் தானே நின்றபடி குடித்தார்.

அடுத்த நாள் காலை அவர்கள் மூன்று மொழிப் பள்ளிக்கூடம் பார்க்கப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்து, மறுபடியும் அந்த வசனம். அன்றைக்கும் இடைவேளையை வெட்டிவிட்டார்கள். ரயில் நேரம் நெருங்கும்போது உள்ளே கைதட்டல் கேட்டது. வசனம் முடிந்துவிட்டது. விடுதி அம்மா கோப்பி வேண்டாம், நுரைக்கிற வைன் கொண்டுவா என்றார். கொடிகளுக்கு முன்னால் படம் எடுத்தார்கள். நான் தட்டோடு சுவரில் ஒட்டி நின்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை.

பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றும்போது ரீச்சர் முற்றத்துக்கு வந்தார். கையில் செம்புப் பாத்திரமும் ஒரு சின்னக் கோப்பையும். அதிகாரி பஸ் வாசலில் நின்று குடித்தார். ரீச்சர் கேட்டார். பாஷை விளங்காவிட்டாலும் அவருடைய கை ஏப்ரனைக் கசக்குவதைப் பார்த்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், தோளில் ஒரு தட்டுத் தட்டினார், கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினார். பஸ் போய்விட்டது.

“என்ன சொன்னவர்?”

“இனிமேல் படிச்சு முடிக்கிற ஆக்களுக்குத்தானாம் இந்த ஒப்பந்தம். என்ரை பழைய கல்லூரி விசயத்துக்குக் கன்டோன் அமைச்சுக்கு எழுதட்டாம்.” கோப்பைக்குள் பார்த்தார். “இந்த இரண்டு நாளிலை குடிச்சதிலை இதுதான் நல்ல கோப்பியாம்.”

நான் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

“இரண்டாவதைக் குடிக்காமலே மூண்டாவதுக்கு வந்திட்டினம், கொம்ஷியா” என்றுவிட்டு உள்ளே போனார்.

அவர் மறுபடியும் எழுதினார். ஏப்ரல் முடிந்தது. பள்ளிக்கூடம் வருத்தம் தெரிவித்து, வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. ஆறு நாடு இருந்து யோசித்து, ஒருவர் ஆசிரியரை ஒருவர் ஏற்கலாம் என்று கைதட்டினார்கள். கதவுக்கு வெளியே நின்ற தங்கள் சொந்த ஆசிரியரை ஏற்க ஒருவரும் இல்லை. இதை அண்ணையிடம் சொன்னேன். அவரும் பகிடி விடவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, பாண் எடுக்கப் போனபோது வழக்கம்போலக் கூப்பிட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “இனி என்னை ரீச்சர் எண்டு கூப்பிடாதேங்கோ.”

“ஓம்” என்றேன்.

அதன் பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் போனது. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். அக்கா என்றால் விளங்காது. இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டால் அண்ணை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதிதான் அப்படிக் கூப்பிடுவார்கள். அதனால் பக்கத்தில் போய், அவர் பார்க்கும்வரை நிற்பேன். சமையலறையில் இப்படி நிற்பது எவ்வளவு இடைஞ்சல் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

நேற்று வேறு ஒரு கூட்டம். ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே எழும்பிவிட்டார்கள். பாண் போதவில்லை. நான் ஓடிவந்து, யோசிக்காமல், ரீச்சர் என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் உடனே திரும்பினார். முழுதாகத் திரும்பிய பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் வெட்டிய பாணைத் தட்டில் அடுக்கித் தந்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.