பாத்தியை எழுதிக்கொடுத்தது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் எல்லோரும் சேர்ந்து காய்கறி போடலாம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று போன வாரம் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. நான் கொடுக்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றவே தெம்பில்லை, இதில் வெண்டைக்காய் வேறா. ஆனால் தோட்டம் என்றதும் அம்மாவின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது வெளிமாநிலத்தில், காஞ்சன்பாக்கில், அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் மதிலோரமாகச் சும்மா கிடந்த நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். எங்கள் பாத்தி அப்பா பெயரில் இருந்தது. அப்பா அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் சாம்பாரைக் காட்டி, எல்லாம் நம் தோட்டத்துக் கத்தரிக்காய் என்பார்.

போனது அம்மாதான். தண்ணீர் விடும் நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு. வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் பக்கவாதத்தில் விழுந்த தாத்தா கட்டிலில் கிடந்தார். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ராத்திரி பகல் பாராமல் ஏதாவது வேண்டிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்றில், ராத்திரி ஷிப்ட் முடித்த அப்பா பகலெல்லாம் தூங்குவார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சண்டை போட மிச்சமிருந்தது சமையலறை. ஐந்து மணிக்கு அப்பா எழுந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாங்கள் கூட வரக் கூடாது. கொசு பிடுங்கும், பாம்பு வரும் என்று தினம் ஒரு காரணம் வைத்திருப்பாள். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் உப்பியிருக்கும். அவ்வளவு வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் என் பள்ளி டைரியில் டீச்சர் ஏதோ எழுதி, கையெழுத்து வாங்கி வரச் சொல்லிவிட்டார். அப்பாவிடம் நீட்டப் பயந்து தோட்டத்துக்கு ஓடினேன்.

பாத்தியில் அம்மா இல்லை. பக்கத்துப் பாத்தி ஆண்ட்டி எங்கள் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் கொட்டகை நிழலில் ஓர் உரச்சாக்கை விரித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மோட்டார் காதைக் கிழிக்கிறது, அவள் அசையவில்லை. நான் கிட்டே போகப் பார்த்தேன். ஆண்ட்டி கையைக் காட்டித் தடுத்தார்.

"நக்கோ பேட்டா. சோனே தே."

எழுப்பாதே, தூங்கட்டும் என்றார். இது அன்றாட ஏற்பாடு என்பதும், காய்ப்பதில் பாதி ஆண்ட்டிக்கு என்பதும் பல வருஷம் கழித்து ஆண்ட்டியே சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தோன்றியது வேறு. தோட்ட வேலை செய்து செய்து அம்மா சுருண்டு விழுந்துவிட்டாள், ஆண்ட்டி பாவப்பட்டு மிச்சத்தைப் பார்க்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டைரியை மறந்து வீட்டுக்கு ஓடி, அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் பாத்தி வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, பட்டுப்புடவை வாங்கி வந்தவர்போல அம்மா முன்னால் நின்றார்.

"இனிமே நீ தோட்டத்துக்குப் போவேண்டாம். எழுதிக் குடுத்துட்டேன்."

தனக்கு ஒன்றும் கஷ்டமில்லையே என்று அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா என்று அப்பா சிரித்தார். உண்மையை அவள் எப்படிச் சொல்வாள். எங்கள் வீட்டில் அம்மா பகலில் படுத்து ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று ஐந்து மணிக்குத் தாத்தா டம்ளரைத் தட்டினார். அம்மாதான் வீட்டில் இருக்கிறாளே என்று அப்பா ஷிப்ட் நண்பர் இருவரைக் காப்பிக்கு அழைத்து வந்திருந்தார். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பாட்ட நீதான் சொன்னியாட்டி?"

"ஹவ்," என்றேன், பெருமை தாங்காமல்.

வீட்டில் அந்த ஊர்ப் பேச்சில் ஹவ் என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆமா என்று சொல்லு என்று உடனே திருத்துவாள். அன்று திருத்தவில்லை. என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு ஒரு வேலையைக் குறைத்துவிட்டேன் என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டேன். அவளுக்கிருந்த ஒரே தூக்கத்தைப் பிடுங்கிவிட்டேன் என்று தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது.