பூனையின் காறையெலும்பு

எலும்பு அறையில் இன்றுதான் அவளுக்குக் கடைசி நாள். இருபத்தாறு வருடம் எப்படி ஓடியது என்றே தெரியவில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் ‘எலும்பக்கா’தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

கணவர் அங்கே எலும்புக்கூடு கோப்பவர். அவர் திடீரென்று கண்ணை மூடியதும், இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றவளைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் அண்டாவில் மாட்டுத்தலை வெந்த வாடையில் ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் அதே அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்!

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு மனசு இளகிவிடுகிறது. எலும்பைச் சோடா உப்பில் வேகவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயப்போட்டு, செப்புக் கம்பியில் கோக்க வேண்டும். குதிரையின் தோள்பட்டைதான் அவளை அழவைத்தது. மனிதனுக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறையெலும்பு குதிரை, மாடு, ஆடு எதற்கும் கிடையாது. முன்னங்காலை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பது வெறும் தசை. அந்தத் தசைதான் அண்டாவில் கரைந்துபோயிற்றே, எதில் கொண்டுபோய்ப் பொருத்துவது? மூன்று நாள் மல்லுக்கட்டிக் கம்பியிலேயே நிறுத்தினாள்.

அப்புறம் வந்தது பூனை. பார்வையிட ஒரு குழு வருகிறது, இந்தப் பூனையைப் பார்த்துத்தான் அவள் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. பயபக்தியோடு வேகவைத்து வடிகட்டினாள். சல்லடையில் மெல்லிசாக, வளைந்து, இரண்டு எலும்புகள் தங்கின.

“திருட்டு முண்டம், மீனத் தின்னுட்டு முள்ளோட போய்ச் சேந்திருக்கு!” என்று சிரித்தபடி சாக்கடையில் வீசினாள்.

சாயங்காலம் உடற்கூறுப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். அப்போது அவர் வேலைக்குப் புதிது.

“அக்கா, பூனைக்குக் காறையெலும்பு உண்டு. குச்சி மாதிரி ரெண்டு, எதோடயும் ஒட்டாம தசைக்குள்ளயே கிடக்கும். பத்திரமா எடுத்து வச்சுட்டீங்கல்ல?”

“வச்சுட்டேன் சார்.”

அவர் தலை மறைந்ததும் சாக்கடையில் முழங்கைவரை கையை விட்டாள். இருட்டும்வரை துழாவியும் ஒன்றுதான் கிடைத்தது. பிள்ளைகளின் முகம் கண்முன் வந்து நின்றது. வீட்டில் சமைக்க வாங்கியிருந்த கோழியின் நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி ஓர் எலும்பு இருக்குமே, அதில் ஒரு பக்கத்தை ஒடித்து அரத்தால் தேய்த்தாள். இடப்பக்கம் பூனை, வலப்பக்கம் கோழி. குழு பாராட்டியது. வேலை நிரந்தரமானது. பெண்கள் படித்து ஆளானார்கள். ஆனால் பூனை நின்ற கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும் ஒவ்வொரு காலையும் அவளுக்கு உறுத்தியது. எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துப் படித்திருக்கும்!

இன்று பேராசிரியரிடம் போய் நின்றாள். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. முழுக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“நீங்க என்ன செஞ்சாலும் சரி சார். மறைச்சு வச்சுட்டுப் போக எனக்கு மனசு ஒப்பல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“கோழியில அந்தக் கவட்டை என்ன எலும்பு தெரியுமா? அதுவும் காறையெலும்புதான். எடம் சரியாத்தான் வச்சிருந்தீங்க, ஆள்தான் மாறிப்போச்சு.”

“அப்போ உங்களுக்கு…”

“அன்னைக்கே தெரியும். சாக்கடையில நீங்க கை விட்டுக்கிட்டிருந்ததையும் ஜன்னல்லருந்து பாத்தேன்.”

“அப்போ பிள்ளைங்க தப்பாப் படிச்சிருக்குமே சார்?”

“அதெல்லாம் இல்லக்கா. இத்தனை வருஷமா நான் அவங்களுக்கு இடப்பக்கத்தை மட்டுந்தான் காட்டினேன்.”