விலாங்கின் மூடிக்கு ஒரு குழவிக்கல்

போன வெள்ளிக்கிழமை காலை நஸீர் ஃபோன் பண்ணினான். என் பள்ளிக்கூடக் கூட்டாளி. அலவத்துகொடையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான்.

"மச்சான், மாஸ்டர் ஒண்ணும் தின்னுதில்ல. ஒரு மாசமாகுது. நீ ஒருக்கா வந்துட்டுப் போ."

யார் இந்த மாஸ்டர்? மனுஷன் இல்லை ஐயா, விலாங்கு மீன்! நஸீர் வீட்டு ஹோலில், கண்ணாடித் தொட்டிக்குள், இருபத்தைந்து வருடமாகக் குடியிருப்பவர். இந்தப் பக்கத்தில் வாராவாரம் என் கோணங்கித்தனங்களை வாசிப்பவர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. நானும் அவனும் தினமும் பிங்கா ஓயா ஆற்றில் குளிப்போம். ஒருநாள் கல் இடுக்கில் பென்சில் பருமனில் ஒன்று நெளிந்தது. நஸீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை விரித்துத்தான் பிடித்தோம். பிறகு அவன் எப்படி வீட்டுக்குப் போனான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொட்டியில் விட்டதும் அது எங்களையே கண்கொட்டாமல் பார்த்தது. அச்சு அசல் எங்கள் கணக்கு மாஸ்டரின் பார்வை! பெயர் அங்கேயே முடிவாகிவிட்டது.

விலாங்குக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கடை அப்போது நஸீரின் வாப்பாவுடையது. அங்கிருந்து அரை இஞ்சிப் பைப்பில், அதாவது அரை அங்குலக் குழாயில், ஒரு துண்டு வெட்டிப் போட்டான். மாஸ்டர் வளர, பைப்பும் வளர்ந்தது. நஸீருக்குக் கல்யாணம் நடந்தபோது மாஸ்டருக்கு ஒரு இஞ்சி. மகள் ஷிபா பிறந்தபோது ஒன்றரை. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோது இரண்டு. இப்போது மூன்று. ஊரெல்லாம் காலத்தை வருடத்தில் கணக்கு வைக்கும்... நஸீர் மட்டும் இஞ்சியில்!

காட்டு விலாங்கு வளர்ப்பதில் பாதி வேலை மூடிதான். மழை வாசம் பட்டால் போதும், மூக்கால் மூடியைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடும். அதனால் மூடிக்கு மேலே நஸீர் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருந்தோம். சமையலுக்கு வேண்டுமென்றால் எடுத்து அரைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுதான் வீட்டுச் சட்டம்.

ஷிபா தவழ்ந்த வயதில் ஒரு நோன்பு மாதம். கஞ்சிக்கு இஞ்சி பூண்டு அரைக்க நஸீரின் மனைவி பரீனா குழவியை எடுத்தார்... வைக்க மறந்துவிட்டார். பின்னேரம் நல்ல மழை. நோன்பு திறக்க நான் போனபோது தொட்டி காலி!

தேடினோம், தேடினோம். குசினியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், உடம்பெல்லாம் தூசி ஒட்டிக் கிடந்தது. உயிர் இருந்தது. ஆனால் பிடிக்க முடிய வேண்டுமே? வழுக்கி வழுக்கி ஓடியது. எங்கள் வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா விலாங்கு கழுவுவது ஞாபகம் வந்தது. சாம்பல் பூசினால் வழுக்காது. ஓடிப்போய் அடுப்பிலிருந்து ஒரு பிடி ஆறிய சாம்பலை அள்ளி வந்தேன். அழுத்தித் தேய்த்தேன். பிடித்துவிட்டேன்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாளில் மாஸ்டர் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அந்த வழுவழுப்புத்தான் அதற்குக் காவலாம். அதையல்லவா நான் தேய்த்து எடுத்திருக்கிறேன்! மூன்று வாரம் உப்புத் தண்ணீர் மாற்றி மாற்றி நஸீர் அதைக் காப்பாற்றினான்.

"சமைக்கவா மச்சான் புடிச்ச?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டான். பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பரீனா, மாஸ்டர் தப்பியோடிய அன்றே சொல்லிவிட்டார்: "இனி இந்தக் கல்லு அதுக்கே ஈக்கட்டும். எனக்கு பிளெண்டர் ஒண்டு வாங்கித் தாங்க."

சரி, போன வெள்ளிக்கு வருவோம். நான் போய்ப் பார்த்தபோது மாஸ்டரின் முதுகு கறுத்திருந்தது. வயிறு வெள்ளி நிறம். கண்கள் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தன. ஒரே மூலையில் மூக்கை முட்டிக்கொண்டேயிருந்தது.

"மௌத்தாகப் போகுதோ மச்சான்?" என்றான் நஸீர்.

கெம்பஸில் விலங்கியல் படிக்கும் ஷிபா லீவுக்கு வந்திருந்தாள். "இல்ல வாப்பா. கடலுக்குப் போற நேரம் வந்தீக்கி. விலாங்கு கடல்லதான் முட்டையிடும். அதான் தின்றத நிப்பாட்டீக்கி."

"அப்ப பிங்கா ஓயாவுல உட்டா?"

"கீழ எவ்வளவு அணைக்கட்டு ஈக்கி! அந்த அணையெல்லாம் தாண்டி மகியங்கனை ஆத்துக்குக் கொண்டு போகணும் வாப்பா."

"அங்க பொழைக்குமா?"

"தெரியா வாப்பா. ஆனா இங்க பொழைக்காது."

நஸீர் என்னைப் பார்த்தான். 'வேண்டாம், இருக்கட்டும்' என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தான். சத்தியமாக எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை. அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் நானும் அவனும் இன்னும் ரிசல்ட் வராத பையன்கள். வாப்பா கடையில் இருக்கிறார், ஓயாவில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. அதை எப்படி விடுவது?

ஆனால் அந்தச் சாம்பல் இன்னும் என் உள்ளங்கையில் நறநறத்தது. வளர்க்கிறோம் வளர்க்கிறோம் என்கிறோம்... மூடிக்கு மேல் கல் வைப்பதுதான் பாதி வளர்ப்பு, இல்லையா?

"கொண்டு போவோம் மச்சான்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கடை லொறியில் கிளம்பினோம். என் மடியில், மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதற்குள் தண்ணீர், மூன்று இஞ்சிப் பைப், பைப்புக்குள் மாஸ்டர். பல்லேகல தாண்டும்வரை நஸீர் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். பதினெட்டு வளைவு இறக்கத்தில் லொறியைக் கல்யாணப் பெண்ணைக் கூட்டிப்போவது போல ஓட்டினான்.

மகியங்கனையில், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பைப்பை ஆற்றோட்டத்தைப் பார்த்துப் பிடித்தான். மாஸ்டர் தலையை நீட்டினார். அதே பழைய பார்வை. அசையவில்லை.

"போங்க மாஸ்டர்" என்றான் நஸீர். "நேரமாகுது... போங்க."

போய்விட்டது. ஒரு சுழிகூட இல்லை. நஸீர் பைப்பைத் தூக்கி அதற்குள் ஒரு தடவை பார்த்தான். தண்ணீரை வடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்தவன், தொட்டியைக் கண்டதும் திடுக்கிட்டுக் கத்தினான்.

"பரீனா! கல்ல யாரு எடுத்த? மூடி சும்மா ஈக்கி!"

பரீனா குசினி வாசலுக்கு வந்தார். கையில் குழவி, குழவியில் மிளகாய்ச் சிவப்பு. "நான்தான்... தேங்காய்ச் சம்பல் அரைக்க எடுத்தேன்."

ஷிபா சோறு போட்டாள்.

"சம்பல் சரியான உறைப்பு" என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான் நஸீர்.

சம்பல் கோப்பை அப்போது என் பக்கத்தில்தான் இருந்தது. அவன் இன்னும் அதைத் தொடவேயில்லை.