வானத்துக்கு நேரே பிடித்த குழாய்

என் அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது. ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய பருமன், நடுவில் ஒரு சிறு கம்பி. பார்ப்பவர்கள் மருந்து அளக்கிற சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். சின்ன விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும். அதில் இந்தக் கம்பியை வைத்து அழுத்தினால் தொட்டியின் அடியில் கிடக்கும் பெட்ரோல் கொஞ்சம் குழாயில் இறங்கும். அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. பன்னிரண்டு ஆண்டுகளாக இதைத் தூக்கி எறியவும் கை வரவில்லை, வெளியே எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

சுங்கை பட்டாணிக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்த விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஒற்றை எஞ்சின் விமானங்கள் நான்கு, தகரக் கொட்டகை ஒன்று, நான்கு விமானங்களையும் பார்த்துக்கொள்ள மெக்கானிக்காக நான். இன்று அந்த இடத்தில் வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. பள்ளியை நடத்திய மேனேஜர் வேறு தொழிலில் நன்றாகவே இருக்கிறார். மூடப்பட்ட இடத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுத எனக்கு வராது. அது ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அங்கே மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவரைக் கேப்டன் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். கோலா கெடாவில் பிறந்தவர். அவருடைய அப்பா மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கேப்டன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையைத்தான் திங்கட்கிழமை பறக்கவும் போட்டு வருவார். விமானம் விழுவதென்றால் இடி, மின்னல், புயல் என்று கற்பனை செய்துகொண்டு வரும் மாணவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "காத்து மழைய குத்தம் சொல்லாதீங்க. அது பாட்டுக்கு அது இருக்கு. மீட்டர் முள்ள நம்பித் தொட்டிய எட்டிப் பாக்காம போறவன், நாலு தடவ பாத்தாச்சேன்னு அஞ்சாவது தடவ பாக்காதவன், அவன்தான் விழுவான்," என்பார். ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டி எஞ்சின் நின்றுபோகும் என்று அவர் சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். நம் ஊர் வெயிலில் ஐஸா என்று கேட்பார்கள். "எங்கப்பா ஐஸ் கம்பெனி ஆளு லா. ஐஸ் எங்கெங்க பிடிக்கும்னு எனக்குத் தெரியும்," என்று மடக்கிவிடுவார்.

ஒரு பாடத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். கிளம்பி மேலே ஏறும்போது எஞ்சின் நின்றால் நேராகப் போய், எதிரே எது இருக்கிறதோ அதில் இறக்க வேண்டும். வயலோ, செடியோ, சேறோ, எதுவானாலும் சரி. ஓடுதளத்துக்குத் திரும்ப நினைக்கவே கூடாது. உயரமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் வளைத்துத் திருப்பினால் இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும், விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து தலைகுப்புற விழும். "பின்னால ரன்வே இருக்குன்னு நினைக்காத. இல்லன்னே நினைச்சுக்க," என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகியிருந்தது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஒருநாள் ஒரு மாணவியோடு கிளம்பியபோது எஞ்சின் இருமத் தொடங்கியது. கேப்டன் நேராகப் போய் அறுத்து முடித்த வயலில் இறக்கினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன் சக்கரம் மட்டும் மடங்கிப்போனது. மறுநாள் மேனேஜர் கொட்டகையில் எல்லா மாணவர்களையும் வைத்துக்கொண்டே அவரைக் கேட்டார்: "எஞ்சின் முழுசா நிக்கவே இல்லயே? ரன்வே முதுகுக்குப் பின்னாலயே இருந்துச்சு. ஒரு வளைவு வளைச்சிருந்தா பிளேன் காடி முழுசா வந்திருக்கும். இவ்வளவு வருசம் ஓட்டி என்னா பிரயோஜனம்?" கேப்டன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான். பிறகு குழாயடியில் கை கழுவும்போது, "நான் செஞ்சது தப்பா தம்பி?" என்று கேட்டார். "இல்ல கேப்டன்," என்றேன். அதை மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அதன் பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு விமானத்தின் பெட்ரோல் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. பழுதுப் புத்தகத்தில் எழுதினேன். புது வளையம் வந்துகொண்டிருக்கிறது என்றார் மேனேஜர். அது வந்துகொண்டேதான் இருந்தது. என் அம்மா மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழையில் பால் கெடாமலிருக்க மரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டுவார்கள். அதே பிளாஸ்டிக்கை வெட்டி மூடியின் மேல் ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மரம் நின்றுகொண்டிருக்கிறது, மழை அதில் வழிந்து ஓடிவிடும். இறக்கை படுத்திருக்கிறது. மூடியைச் சுற்றிப் பள்ளம். ஓரத்தில் நுழைந்த மழையை என் பிளாஸ்டிக் வெளியே விடாமல் பிடித்துவைத்து, வெடித்த வளையத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் அனுப்பியிருக்கிறது. இது எனக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

பறக்கப் போகிறவர்தான் பெட்ரோலைச் சோதிக்க வேண்டும் என்பது முறை. எங்கள் பள்ளியில் காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று அதை நானே செய்துவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த விமான பெட்ரோலுக்கு இளநீல நிறம். குழாயில் தண்ணீர் கலந்து வந்தால் அது அடியில் தங்கும், மேலே நீலம் நிற்கும், நடுவில் கோடு தெரியும். அன்று காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. அந்த விமானத்தில் குழாயை நிரப்பி, மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தேன். கோடு இல்லை. நீலமாகத் தெரிந்தது. கைகளில் எப்போதும் பெட்ரோல் வாடைதான் என்பதால் முகர்ந்து பார்ப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது. குழாயில் இருந்ததைத் தூணருகே இருந்த காலி பிஸ்கட் டின்னில் ஊற்றினேன்.

மாணவனோடு வந்த கேப்டன் எப்போதும் போல, "நீலமா தம்பி?" என்றார்.

"நீலம், கேப்டன்."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

விமானம் செம்பனை மரங்களுக்கு மேலே எழும்பியதும் சத்தம் நின்றது. எதிரே புதிதாக நட்ட சின்னக் கன்றுகள்தான், போய் இறங்கியிருக்கலாம். விமானம் ஓடுதளத்தை நோக்கி வளைந்தது. ஒரு இறக்கை சரிந்தது. பிறகு புகை. தோட்டத்து ஆட்கள் ஓடி மாணவனை உயிரோடு இழுத்துப் போட்டுவிட்டார்கள். கேப்டனை வெளியே எடுக்க நெருப்பு விடவில்லை. கொட்டகைக்குத் திரும்பி வந்தவன் அந்த டின்னைப் பார்த்தேன். பெட்ரோலாக இருந்தால் பாதியாவது ஆவியாகியிருக்கும். ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். குழாயில் கோடு தெரியாமல் போனதற்குக் காரணம், வந்தது முழுக்கத் தண்ணீர். நீலமாகத் தெரிந்தது வானம். யாரும் வருவதற்குள் டின்னைக் கால்வாயில் கவிழ்த்தேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார் மேனேஜர். விசாரணைக்கு வந்தவர்கள் சோதித்தாயா என்று கேட்டார்கள், சோதித்தேன் என்றேன். நிறம் கேட்டார்கள், நீலம் என்றேன். இறக்கை எரிந்து போயிருந்தது. எஞ்சின் ஏன் நின்றது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றும், திரும்பியது விமானியின் தவறு என்றும் எழுதி முடித்தார்கள். வயலில் இறக்கியதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடக்கத்தன்று தேவாலய வாசலில் அவர் மனைவி, "பிள்ளைங்களுக்கு அவ்வளவு சொல்லிக் கொடுத்தாரே, அவரே மறந்துட்டாரா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார். நான் தலை குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்.

போன சனிக்கிழமை காலை கேப்டனின் மகள் என் வீட்டைத் தேடி வந்தாள். அன்று பன்னிரண்டு வயது. இன்று கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் எஞ்சினியராக இருக்கிறாள். உட்கார்ந்ததும் தன் அம்மா போன மாதம் தவறிவிட்டதாகச் சொன்னாள். அம்மாவின் பைபிளுக்குள் விசாரணை அறிக்கையின் நகல் மடித்து வைக்கப்பட்டிருந்ததாம்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும் அங்கிள். அப்பா ஏன் திரும்புனாரு?"

மேனேஜர் திட்டிய கதையைச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவர் நின்ற நிலை, குழாயடியில் என்னைக் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். "அப்ப அவரு மறக்கல," என்றாள். இரண்டு மூன்று முறை எனக்கு நன்றி சொன்னாள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பழி எல்லாம் மேனேஜர் தலையில் இறங்கிவிட்டது, நான் நல்லவனாகிவிட்டேன். அவள் வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போது இந்த அயோக்கியத்தனத்தை இன்னொரு முறை செய்ய என்னால் முடியவில்லை. "கொஞ்சம் இரும்மா," என்று உள்ளே போய்க் குழாயை எடுத்து வந்தேன். முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் அதை நிரப்பி அவள் கையில் கொடுத்தேன்.

"மேல தூக்கிப் பாரு. என்னா நிறம்?"

அவள் வானத்துக்கு நேரே பிடித்தாள். "நீலமா தெரியுது."

"இப்ப செவுத்துப் பக்கம் வச்சுப் பாரு."

வெள்ளைச் சுவர். அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்டிக்கை, டின்னை, கால்வாயை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருக்கலாம்ல அங்கிள்?" என்றாள். "அம்மா கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனாள். தண்ணீரைக் கீழே ஊற்றத் தோன்றாமல் நான் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.