மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு எவ்வளவு நேரம்

எங்கள் வீட்டில் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: "எப்பப் போய்ச் சேருவீங்க?" அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். பம்பாய்க்கு லோடு ஏற்றினால் மூன்று நாள். மழைக்காலமென்றால் கடவுள் விட்ட வழி. கிளம்பும் நேரத்தில் யாராவது வாய்தவறி இதைக் கேட்டுவிட்டால் போச்சு. வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

என் போதாத காலம், அதே பம்பாயில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் தலைப்பிரசவம். ஊருக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தேன், ஏதோ பிள்ளை என் பேச்சைக் கேட்டு நடக்கப்போவதுபோல. நாள் நெருங்கிவிட்டது; அவர்கள் சீக்கிரம் வந்து சேர விமானம் ஒன்றுதான் வழி. டிரங்கால் போட்டு அப்பாவைப் பிடித்தேன்.

"மெட்ராஸிலிருந்து ரெண்டு மணி நேரங்கூட ஆகாதாம்ப்பா."

"என்ற காதுல பூச்சுத்தாத சாமி. ரெண்டு மணி நேரத்துல நான் தொப்பூர் கணவாயே தாண்டியிருக்க மாட்டேன்."

"வானத்துல கணவாய் இல்லப்பா. நேராப் போகுது."

"அப்ப டீ குடிக்க எங்க நிறுத்துவான்?"

ஒரு வாரம் கழித்து அவரே மெட்ராஸிலிருந்து கூப்பிட்டு, "நாளைக்குக் கெளம்பறோம் சாமி" என்று மட்டும் சொன்னார். எந்த விமானம், எத்தனை மணிக்கு வரும்? அவர் சொல்லவில்லை; எனக்கும் கேட்க நாக்கு எழவில்லை. பம்பாயிலேயே வளர்ந்த என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் விமான நிலையத்துக்குப் போய், மெட்ராஸ் விமானம் ஒவ்வொன்றுக்கும் வாசலில் நின்றார். அம்மாவும் அப்பாவும் வெளியே வந்தபோது மட்டும் டீ குடிக்கப் போயிருந்தாராம்.

மத்தியானம் எனக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா டாக்ஸி பிடிக்க ஓடினாள். டாக்ஸிக்குப் பதில் தெருவை அடைத்துக்கொண்டு நாமக்கல் லாரி ஒன்று வந்து நின்றது. பம்பாயில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இடம் லாரிப்பேட்டை. அங்கே போய் நம்மூர் வண்டியைத் தேடிப்பிடித்து வருவதற்கு, பறந்து வந்ததைவிட அதிக நேரம் ஆகியிருந்தது. முன்னாலிருந்து அம்மா இறங்கியதைப் பார்த்ததும் நான் ஓவென்று அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக என்னை லாரியிலேயே தூக்கி ஏற்றினார்கள். டிரைவரை நகரச் சொல்லிவிட்டு அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலி பொறுக்காமல் கத்தினேன்: "எப்பப்பா போய்ச் சேருவோம்?"

அப்பாவின் கால் தன்னால் பிரேக்குக்குப் போனது.

"ஓட்டுங்க!" என்றாள் அம்மா. "தண்ணியெல்லாம் அப்பறம் குடிக்கலாம்."

அன்று சாயங்காலம், அம்மாவின் கை என் கைக்குள் இருக்கும்போதே, மகள் பிறந்தாள்.

அடுத்த வாரம் அப்பா அதே லாரியில் ஊருக்குக் கிளம்பினார். விமானத்தில் டீ சரியில்லையாம். வழியனுப்ப அம்மா லாரிவரை போனாள்.

"ஏனுங்க, எப்பப் போய்ச் சேருவீங்க?"

படியில் வைத்த காலை அப்பா எடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே திரும்ப வைத்தார்.

"மூணு நாளு, புள்ள."

"செரி," என்றாள் அம்மா. "அப்ப மூணு நாளைக்கு மட்டும் பயந்துக்கறேன்."